பாதை தரைக்கு இறங்கவே இல்லை, ஆனால் விமானம் தரைக் காற்றைப் பிடித்திருக்கிறதா?

பாதி_மேகம்:
2012 மே, ஜூனில் கான்சாஸின் சலைனாவிலிருந்து விமானங்களில் பறந்து இடிமேகங்களை ஆராய்ந்த டிசி3 திட்டத்தின் தரவை வைத்துச் சின்னதாக ஒரு ப்ராஜெக்ட் செய்கிறேன். நாசாவின் டிசி-8 ஆய்வு விமானம் சுமார் 11 கி.மீ. உயரத்தில் போகும்போது ஓரிடத்தில் கார்பன் மோனாக்சைடு சட்டென்று எகிறுகிறது, கூடவே நைட்ரிக் ஆக்சைடும். சரி, இடிமழைதான் கீழிருந்து தூக்கி வந்திருக்கும் என்று ஹைஸ்பிளிட்டில் (காற்று எங்கிருந்து வந்தது என்று கணக்கிடும் மென்பொருள்) 5 நாள் பின்னோக்கிப் பாதை ஓட்டினால், காற்று அத்தனை நாளும் மேலேயே மிதக்கிறது. எங்கே தப்பு?

இடிச்சத்தம்:
தப்பு உங்களுடையது இல்லை. நீங்கள் கொடுத்த காற்றுத் தரவில் ஒரு கட்டமே பல பத்து கி.மீ. அகலம் இருக்கும். இடிமேகத்துக்குள் காற்று ஏறும் தூண் சில கி.மீ. தான், நொடிக்கு 20, 30 மீட்டர் வேகத்தில் பாயும், ஆனால் கட்டத்துக்குள் சராசரி எடுத்ததும் இருந்த சுவடே தெரியாது. அதனால் பாதை தரையைத் தொடுகிறதா என்று தேடாதீர்கள். அது போன இடத்தில், போன நேரத்தில், மேக உச்சி பாதையைவிட உயரமாக இருந்ததா என்று பாருங்கள். கோஸ் வானிலைச் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் தெரியும் குளிரை வைத்து உச்சி உயரத்தைக் கணக்கிடலாம். பின்னோக்கிப் போகையில் முதலில் மேகத்தில் மாட்டும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், அதற்கு முந்தைய பாதைக்கு அர்த்தமில்லை. ஒற்றைப் பாதையையும் நம்ப வேண்டாம், சுற்றிலும் பத்து இருபது புள்ளி வைத்து எத்தனை மாட்டுகிறது என்று எண்ணுங்கள்.

சலைனா_ரசிகன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஆன்விலில், அதாவது இடிமேக உச்சியிலிருந்து பக்கவாட்டில் பரவும் தட்டை மேகத்தில், ஏமாந்துவிடாதீர்கள். அதுவும் படத்தில் அதே குளிரோடுதான் தெரியும், நூற்றுக்கணக்கான கி.மீ. பரவிக் கிடக்கும், அதற்குள் ஏற்றம் எதுவும் இருக்காது. மழைத் தரவையும் சேர்த்து, மழை கொட்டும் இடத்தை மட்டும் எடுங்கள். இன்னொன்று, கார்பன் மோனாக்சைடு வாரக்கணக்கில் காற்றில் தங்கும், எங்கிருந்தோ வந்ததாகக்கூட இருக்கலாம். ஜூன் 22 அன்று கொலராடோவின் ஹை பார்க் காட்டுத்தீப் புகையையே ஒரு இடிமேகம் உறிஞ்சி மேலே தள்ளியது.

இடிச்சத்தம்:
நைட்ரிக் அமில அளவையும் பாருங்கள். மேகத்துக்குள் அது மழையில் கரைந்து கீழே போய்விடும், மின்னல் உண்டாக்கிய நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலே தங்கும், அப்புறம் நாள் போகப் போக அவையே அமிலமாக மாறும். ஆக அமிலம் குறைவு, ஆக்சைடு அதிகம் என்றால் காற்று மேலே வந்து அதிக நேரம் ஆகவில்லை. 2004 கோடையில் வட அமெரிக்கா மேல் பறந்த டிசி-8 தரவில் இதைக் கடிகாரம் மாதிரிப் பயன்படுத்தினார்கள்.

பாதி_மேகம்:
அகச்சிவப்பை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஆன்விலில்தான் மாட்டியது. மழையைச் சேர்த்ததும் கொஞ்சம்தான் மிஞ்சியது, அதுவும் கொலராடோ பக்கம். அப்புறம்தான் ஃபைல் பெயரில் தேதியைக் கவனித்தேன். ஜூன் 22.