வடக்கே கோட்டை, கல்லறை, தூண்னு பார்க்கப் போனப்போ மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்: பகிருங்க

மலைக்கோட்டைவாசி

தாஜ்மகால் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது ஃபெரோஸ் ஷா கோட்லா. டெல்லியில கிரிக்கெட் ஸ்டேடியத்தை ஒட்டினாப்புல இருக்குமே, அந்த இடிஞ்ச கோட்டை. உச்சியில அசோகர் தூண் நிக்கும். போன நவம்பர்ல போனோம். வியாழன்னு தெரிஞ்சு போகலை, டூர்ல அன்னைக்குப் போட்டிருந்தாங்க.

வியாழக்கிழமை ஜின்களுக்கு (கண்ணுக்குத் தெரியாத ஆவிகள்னு நம்பறாங்க) மனு கொடுக்க வர்ற கூட்டம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். கீழே இருட்டறைகள். மாடத்துக்கு மாடம் மெழுகுவத்தி, ஊதுவத்தி, ரோஜா இதழ். சுவர்ல கடுதாசி. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை கொடுக்கிற மனு மாதிரியேதான்: பேரு, விலாசம், போட்டோ, என்ன குறைன்னு வரிசையா. அதையே ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாடத்துலயும் ஒண்ணு வைக்கிறாங்க.

என் வீட்டுக்காரர் தூணைப் பார்க்கப் போயிட்டார். நான் ஒரு மாடத்துல இருந்த கடுதாசியைப் போன்ல படம் எடுத்தேன். மேல ஒரு பையனோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இருபது, இருபத்தொண்ணு வயசு இருக்கும். கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான். ஸ்டேப்ளர் பின் சரியா அவன் நெத்தியில குத்தியிருந்தது.

முழங்கையை யாரோ தொட்டாங்க. ஒரு அம்மா. "மேரா பேட்டா"ன்னாங்க. என் மகன். எனக்குத் தெரிஞ்ச இந்தி அவ்வளவுதான். திட்டப் போறாங்கன்னு போனை இறக்கிட்டேன். அவங்க திட்டலை. என் கழுத்துல தொங்கின டூர் அட்டையைப் பிடிச்சு விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாங்க. என் போட்டோ, பேரு, கம்பெனி முத்திரை. உடனே பையில இருந்து அதே மனுவோட இன்னொரு ஜெராக்ஸை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. நான் ஆபீசர் இல்லம்மான்னு சொல்ல வாய் வரலை. தலையாட்டி வாங்கிக்கிட்டேன். அவங்க என் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

அந்தத் தாள் இப்பவும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. புடவை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்.

கணக்குவாத்தியார்

முப்பத்துநாலு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்றதும் முதலில் போன ஊர் குவாலியர். நம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அங்கேதான் நிற்கிறதே, ஆக்ராவுக்கு முன்னால். எல்லாரும் மான்சிங் அரண்மனையின் நீல ஓடுகளைப் பார்க்கப் போவார்கள். நான் போனது கோட்டைக்கு ஏறும் வழியில் பாறையைக் குடைந்து செய்த சதுர்புஜக் கோயிலுக்கு. பூட்டியிருந்தது. காவலர் சாவி எடுத்துவர முக்கால் மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பெருமாளுக்கு நந்தவனம் விட்ட கணக்கு. 187 முழத்துக்கு 270 முழம் நிலம், நாளுக்கு 50 மாலை. அந்த 270-இன் கடைசியில் ஒரு சுழியம். உளுந்தளவுதான் இருக்கும், மற்ற எழுத்துகளை விடச் சின்னது, கொஞ்சம் மேலே தூக்கி வெட்டியிருக்கிறார்கள். உலகத்திலேயே பழைய சுழியம் என்று சொல்லமாட்டேன், கம்போடியாவில் 683-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆனால் அந்த 2, 7, 0 மூன்றையும் நாம் இன்று எழுதுகிற மாதிரியே வாசிக்க முடிகிறது. நம் பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறிகள்; அந்த முறைக்குச் சுழியம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்பில் இதைச் சொல்வேன். கண்ணால் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காவலர் டார்ச் அடித்துக் காட்டினார். தொடவில்லை. விரலை ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தேன், விரல் நடுங்கியது.

பயணப்பை

முதல் பதிவு போட்ட அம்மாவுக்கு: அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடம். அங்கே மெழுகுவத்தி ஏத்துறதையே தடுக்கணும். கரி படிஞ்சா கல்லும் சுண்ணாம்பும் என்னாகும்? இதை நாம உருக்கமா எழுதி எழுதித்தான் கெடுக்கிறோம்.

என் கதை சின்னது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆக்ரா போனேன், வெள்ளிக்கிழமை. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடல். எனக்குத் தெரியலை. அப்பாவுக்கு அதுதான் கடைசிப் பயணம். யமுனைக்கு அந்தக் கரையில மெஹ்தாப் பாக் தோட்டத்துல நின்னு பார்த்தார். "இங்கேருந்தே நல்லாத்தான் இருக்கு"ன்னார். எனக்காகத்தான் சொன்னார்.

அதனால போறவங்க இதைக் குறிச்சுக்கங்க. தாஜ் வெள்ளிக்கிழமை மூடல், டெல்லி செங்கோட்டை திங்கக்கிழமை மூடல், சாரநாத் மியூசியம் வெள்ளிக்கிழமை மூடல் (அசோகர் சிங்கம் அதுக்குள்ளதான் இருக்கு, வெளியே தூணோட அடித்துண்டு மட்டும்தான்). தாஜ்ல சமாதி மேடைக்கு ஏற 200 ரூபாய் தனியா வாங்கினாங்க, நுழைவுச்சீட்டு எடுக்கும்போதே சேர்த்து எடுங்க, திரும்ப வரிசையில நிக்க வேண்டாம். பௌர்ணமி ராத்திரியும் அதுக்கு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு ராத்திரியும் உள்ளே விடுவாங்க, ஆனா வெள்ளிக்கிழமையும் ரம்ஜான் மாசமும் கிடையாது. பெட்ரோல் வண்டி கிட்டப் போகாது, பேட்டரி வண்டிதான், வயசானவங்க இருந்தா அதுக்கு நேரம் ஒதுக்குங்க. டிசம்பர் கடைசி, ஜனவரி வேண்டவே வேண்டாம். மூடுபனியில கண் முன்னால நிக்கிற கும்மட்டமே தெரியாது, ரயிலும் பத்து மணி நேரம் தாமதமாகும். பிப்ரவரி, மார்ச் முதல் வாரம், இல்லைன்னா அக்டோபர் கடைசி. வெயில் ஏறினா சலவைக்கல் தரை காலைச் சுடும், காலையில கேட் திறக்கும்போதே நில்லுங்க. கைடு வேணும்னா அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்க. ஃபதேபூர் சிக்ரியில "நான் கைடு இல்லை, சும்மா காட்டறேன்"னு கூட வர்றவர் சலீம் சிஷ்தி தர்கா வாசல்ல சாதர் (சமாதி மேல போர்த்துற துணி) கடையில கொண்டுபோய் நிறுத்துவார். வேண்டாம்னு மொத வார்த்தையிலயே சொல்லிடுங்க.

கரோல்பாக்வாசி

பயணப்பை, ஒரு விஷயம். கரி படியக்கூடாதுன்றது சரி. ஆனா அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்காம சொல்றீங்க. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எங்க காய்கறிக்காரர், பக்கத்து வீட்டு சர்தார்ஜி அம்மா எல்லாரும் ஒரு தடவையாவது அங்கே போயிருக்காங்க. இந்து, முஸ்லிம், சீக்கியர்னு பார்க்கிறதில்லை. போகிறவங்களை நிறுத்திட்டா அந்த இடத்துல வெறும் இடிஞ்ச சுவர்தான் மிஞ்சும்.

என்னுடையது குதுப்மினார். இன்னைக்கு யாரையும் உள்ளே விடறதில்லை, வெளியே நின்னு அண்ணாந்து பார்க்கிறதோட சரி. நான் உள்ளே ஏறியிருக்கேன். 1979, எனக்குப் பதினோரு வயசு. மொத்தம் 379 படி, அப்போ முதல் பால்கனி வரைக்கும்தான் விடுவாங்க. ஏறுறவங்களுக்கும் இறங்குறவங்களுக்கும் ஒரே சுழல் படிக்கட்டு. நடுவுல கல் தேய்ஞ்சு குழிஞ்சிருக்கும், ஓரத்துல கால் வெச்சா வழுக்கும். அத்தை என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடிச்சுக்கிட்டே வந்தா. நடுவழியில பல்பு ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில மேலேயும் கீழேயும் எல்லாரும் ஒரே குரலா கத்தினாங்க, அத்தை பிடி இறுகி எனக்கு மூச்சு முட்டிச்சு.

1981 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. விளக்கு அணைஞ்சு, நெரிசல்ல 45 பேர் அந்தப் படிக்கட்டுல செத்தாங்க. நிறையப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. ரேடியோவுல செய்தி கேட்டப்போ அத்தை அடுப்பை அணைச்சுட்டு வந்து என் காலரைத் தொட்டா. ஒண்ணும் பேசலை. ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்களை இன்னைக்கும் நான்தான் கூட்டிட்டுப் போறேன். இரும்புத்தூண், இல்துமிஷ் கல்லறை எல்லாம் காட்டுவேன். அந்தக் கதவுக்குப் பக்கத்துல மட்டும் நிக்கமாட்டேன்.

உளிச்சத்தம்

நான் மாமல்லபுரம். கருங்கல் வேலை. எழுத்து அதிகம் வராது, பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

தாஜ்மகால்ல எல்லாரும் கும்மட்டத்தைப் பார்த்தாங்க. நான் வாசல் பூ வேலைகிட்டயே நின்னுட்டேன். சலவைக்கல்லைக் குடைஞ்சு கலர்க்கல்லை இழைச்சு உட்கார வெச்சிருக்கான். ஒரே இதழுக்குள்ள நிறம் வெளுத்துக்கிட்டே போகுது. அந்த மாதிரி ரேகை ஓடுற கல்லைத் தேடிப் பிடிச்சு வெட்டியிருக்கான். எங்க வேலை கல்லை எடுத்துப்போடுற வேலை. இது சேர்க்கிற வேலை.

வெளியே சந்துக்குள்ள ஒரு பட்டறை. பெரியவர் ஒருத்தர் தரையில உட்கார்ந்து சாணைச் சக்கரத்தை ஒரு கையால சுத்தறார். இன்னொரு கை விரல் நுனியில ஒரு கல் துண்டு, வெள்ளரி விதை அளவு. அதைச் சக்கரத்துல வெச்சு வெச்சு இழைக்கிறார். கல்லோட சேர்ந்து விரலும்தான் தேயுது. நகம் பாதிதான் இருக்கு, விரல் நுனி தட்டையா, ரேகையே இல்லாம. நான் பார்க்கிறதைப் பார்த்துட்டார். நானும் என் இடது கையை நீட்டினேன். சுத்தியல் தவறி அடிச்சு அடிச்சுக் கட்டைவிரல் நகம் கறுத்து மடங்கியிருக்கும். அவர் அதைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தார். என் பாஷை அவருக்குத் தெரியாது, அவருது எனக்குத் தெரியாது. ஒரு பூவை எடுத்து டார்ச் லைட்டைக் கீழே பிடிச்சார். நடுவுல இருந்த சூதுபவளம் கங்கு மாதிரி செவந்து எரிஞ்சுது. மத்த கல் எதுவும் அசையலை.

டீ வாங்கிக் கொடுத்தார். ஒண்ணும் விக்கலை என்கிட்ட. எங்க பட்டறையில பசங்க சலிச்சுக்கும்போது அந்த விரலைத்தான் சொல்றேன். அவர் பேரைக் கேக்காம வந்துட்டேன்.

கல்வெட்டுப்பித்து

மலைக்கோட்டைவாசி அம்மா, அந்த மனுவில் என்ன எழுதியிருக்கிறது? யாரிடமாவது கொடுத்துப் படித்தீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் கணவர் பார்க்கப் போன தூண் டெல்லியில் நட்டது அல்ல. இன்றைய ஹரியானாவில் இருக்கும் தோப்ராவிலிருந்து ஃபெரோஸ் ஷா துக்ளக் 14-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. இலவம்பஞ்சு மெத்தை விரித்து அதன்மேல் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகில் விட்டுக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தவர்களில் ஒருவருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் அந்தப் பழைய பிராமி எழுத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அசோகரின் ஏழு தூண் ஆணைகளும் அதில் உண்டு. நான்காவது ஆணை, பட்டம் ஏற்று 26 ஆண்டு ஆனபின் வெட்டியது: சிறையில் இருப்பவர்களில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று நாள் அவகாசம். அந்த மூன்று நாளில் அவர்களுடைய சொந்தக்காரர்கள் வந்து உயிருக்காக முறையிடலாம்.

மேலே கல்லில் இது நிற்கிறது. கீழே அந்த அம்மா நின்றிருக்கிறார். அவர் மனு எதைப் பற்றியது என்று தெரியாமல் நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அதனால்தான் கேட்கிறேன்.

மலைக்கோட்டைவாசி

இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் பதில் எழுத முடியலை. இத்தனை மாசமா அதைப் படிக்கச் சொல்லி யார்கிட்டயும் கொடுக்கலை, அடுத்தவங்க கடுதாசின்னு ஒரு கூச்சம். நேத்து எங்க ஆபீஸ்ல இந்தி தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்.

மரண தண்டனை இல்லை. திருட்டுக் கேஸ். பிடிச்சுட்டுப் போய் ஒன்றரை வருஷமா உள்ளேயே இருக்கான், ஒவ்வொரு தேதிக்கும் தள்ளிப் போகுது, வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. "ஹஸூர், நீங்க எல்லா இடத்துக்கும் போவீங்க, ஜெயிலுக்குள்ளயும் போவீங்க. அவன் சாப்பிட்டானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க"ன்னு கடைசி வரி. வாசிச்சவர் அதோட எழுந்து போயிட்டார்.

கீழே போன் நம்பர் இருக்கு. கடைசி ரெண்டு எண் மேல மெழுகு ஒழுகி எழுத்து கரைஞ்சிருக்கு.

பயணப்பை

அம்மா, நான் முன்னால சொன்னதைப் பெரிசா எடுத்துக்காதீங்க. ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இலவச வக்கீல் கேட்கிற உரிமை உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டம். சட்டப் பணிகள் ஆணையத்தோட உதவி எண் 15100, எந்த ஊர்லேருந்தும் கூப்பிடலாம். பையன் பேரு, அப்பா பேரு, எந்த ஜெயில், கேஸ் நம்பர் இருந்தா அதுவும், இதெல்லாம் கையில வெச்சுக்கிட்டுப் பேசுங்க. இந்தி பேசறதுக்கு நான் கூட லைன்ல இருக்கேன். எந்த நேரம்னாலும் சரி.

கரோல்பாக்வாசி

நாளன்னைக்கு வியாழன். நான் கோட்லா போறேன். அவ்வளவு மாசம் ஆச்சு, அதே தாள் இருக்காது. ஆனா வேண்டிக்கிட்டு வர்றவங்க வாராவாரம் அதே மாடத்துக்குத்தான் வருவாங்க. எந்த இடம்னு சொல்லுங்க.

மலைக்கோட்டைவாசி

படி இறங்கி உள்ளே போனதும் இடது கைப்பக்கம், மூணாவது மாடம். மேல்கல்லு ஒரு மூலை உடைஞ்சிருக்கும். அந்த அம்மா பச்சைக் கலர் ஸ்வெட்டர், வலது கண்ணுக்குக் கீழே மச்சம். போட்டோவை உங்களுக்குத் தனியா அனுப்பறேன், இங்கே போடலை.