ஐசிபி ரிப்போர்ட் வந்துவிட்டது: பொற்றாசியம் குறைவு, எந்தப் போத்தலை முதலில் வாங்குவது?

மூன்றாம்மாடிக் கடல்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் பிளாட் ஒன்றில் மூன்றாம் மாடி. 180 லீட்டர் கடல்நீர் மீன்தொட்டி மூன்று வருடமாக ஓடுகிறது. உள்ளே இரண்டு க்ளவுன் மீன், சொஃப்ட் கோரலில் (மென்பவளம்) சோவாந்தஸ், ஒரு லெதர் கோரல், ஸீனியா. கல்பவளம் எதுவும் வைக்கவில்லை, வைக்கும் எண்ணமும் இல்லை.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து இரண்டு மூன்று கிழமையில் வினை தொடங்கியது. முதலில் நத்தைகள். கண்ணாடியில் ஏறுவதை விட்டுவிட்டு மணலில் மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தால் அடுத்த நாளும் அதே கோலம். அப்புறம் க்ளீனர் இறால், தோல் கழற்றிய இரவே செத்தது. இன்னொன்று வாங்கி விட்டேன், அதுவும் பதினைந்து நாள்தான். ஸீனியா கையை விரித்து மூடுவதை நிறுத்தி, வாடின வல்லாரைக் கட்டு மாதிரி நிற்கிறது. மீன்கள் மட்டும் எதுவும் நடவாதது போலச் சாப்பாட்டுக்கு வருகின்றன.

வீட்டு டெஸ்ட் எல்லாவற்றையும் சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். கணக்காளர் வேலை, பழக்கம் விடாது. உப்பு 35, கேஎச் (காரத்தன்மை) 8.1, கல்சியம் 400, மகனீசியம் 1260, நைத்திரேற்று 5. எதிலும் பிழை தெரியவில்லை. கடையில் கதைத்தபோது, ட்ரேஸ் எலிமென்ட் (மிகச் சிறிதளவே இருக்கும் மூலகங்கள்) தீர்ந்திருக்கும் என்று ஒரு செட் போத்தலைக் காட்டினார்கள். விலையைக் கேட்டுவிட்டு அயடீன் மட்டும் வாங்கினேன். இறால் தோல் கழற்ற அயடீன் வேண்டும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். கிழமைக்கு மூன்று சொட்டு. அம்மா கேட்கிறா, எனக்குப் பிரஷர் குளிசை எடுக்க மறக்கிற பிள்ளை மீனுக்கு மருந்தை மறக்கிறதில்லையே என்று.

கடைசியில், லீவுக்கு வந்த அக்கா மகன் ஜெர்மனிக்குத் திரும்பிப் போகும்போது ஐசிபி டெஸ்டுக்கு (தண்ணீரில் எந்த மூலகம் எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் அளப்பது) அவன் கையில் தண்ணீர்க் குப்பிகளைக் கொடுத்துவிட்டேன். போன கிழமை ரிப்போர்ட் வந்தது. உப்பு 32.8, கல்சியம் 386, மகனீசியம் 1210, பொற்றாசியம் 374, போரன் 4.2, அயடீன் 0.11. எல்லாம் லீட்டருக்கு மில்லிகிராமில், உப்பு மட்டும் ஆயிரத்தில் பங்கு. செம்பு 36, துத்தநாகம் 41, நிக்கல் 7 என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவை மைக்ரோகிராம், மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடையில் செம்பு டெஸ்ட் செய்து பார்த்தால் பூச்சியம். அதனால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பொற்றாசியமா போரனா, எதை முதலில் வாங்குவது? இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்கினால் வீட்டில் கேள்வி வரும்.

கொட்டாஞ்சேனைக் கிழவன்

தம்பி, ஒரு போத்தலும் வாங்க வேண்டாம்.

கணக்காளர் என்று சொல்கிறீர்கள், ஒரு வகுத்தல் செய்து பாருங்கள். கடலில் கல்சியம் ஏறக்குறைய 412, மகனீசியம் 1290, பொற்றாசியம் 399, போரன் 4.5. உங்கள் எண்களை இவற்றால் வகுத்தால் எல்லாமே 0.93, 0.94 என்று வரும். உப்பு 32.8ஐ 35ஆல் வகுத்தாலும் அதே 0.94. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் தொட்டி அதைத் தின்கிறது என்று சொல்லலாம். எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் தண்ணீர் ஐதாக இருக்கிறது, அவ்வளவுதான். பாயசத்துக்குத் தண்ணீர் கூடிவிட்டால் முந்திரிகை குறைவு, சவ்வரிசி குறைவு என்று தனித்தனியாகக் கவலைப்படுவோமா?

உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எதை விட்டு அளவு பிடிக்கிறீர்கள்? ஆர்ஓ தண்ணீரை (சவ்வு வடிகட்டியில் சுத்தமாக்கியது) விட்டுப் பூச்சியத்துக்குத் திருகுபவராக இருந்தால், பூச்சியத்தில் சரியாக நிற்கும் கருவி 35இல் பிழையாகக் காட்டலாம். 35க்கென்று விற்கிற திரவத்தை ஒரு துளி விட்டு அங்கேயே பிடியுங்கள்.

அயடீனை இன்றைக்கே நிறுத்துங்கள். கடலில் 0.06தான். உங்களிடம் அதைப் போல இரண்டு மடங்கு நிற்கிறது, இறால் என்னவோ பிழைக்கவில்லை. உங்கள் தொட்டியில் இருப்பவை சொஃப்ட் கோரல். உப்பிலும் மீன் சாப்பாட்டிலும் வருகிறதே அவற்றுக்குக் காணும்.

செம்பு விஷயத்தை இன்னும் படித்தவர் யாராவது சொல்லட்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆய்வுகூடக்காரி

கிழவன் ஐயா சொன்னது சரி. ஆனால் இறால் சாவதற்கு உப்பு 32.8 காரணம் இல்லை. நான் வேலை செய்யும் இடத்தில் ஐசிபி இருக்கிறது (மீன்தொட்டித் தண்ணீரை உள்ளே விட முடியாது, கேட்காதீர்கள்). ஆர்கன் பிளாஸ்மாச் சூட்டில் ஒவ்வொரு மூலகமும் தன் தன் அலைநீளத்தில் ஒளி விடும், அந்த ஒளியைத்தான் அளக்கிறோம். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். எந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்லாது.

அண்ணா, மைக்ரோகிராம் என்று செம்பைத் தள்ளிவிட்டீர்கள். திறந்த கடலில் அது லீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமும் வராது. கடையில் இருக்கும் டெஸ்ட், மீனுக்குச் செம்பு மருந்து போடுபவர்களுக்கானது. அவர்கள் போடுவது 150 முதல் 250 மைக்ரோகிராம் வரை. அந்த டெஸ்டுக்கு 36 என்பது கண்ணுக்குத் தெரியாத நிறம். மீன் அந்த அளவையே தாங்கும், அதனால்தான் உங்கள் க்ளவுன் சோடி சிரித்துக்கொண்டு திரிகிறது. நத்தையும் இறாலும் தாங்காது. இறாலின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பதே செம்புள்ள ஒரு புரதம்தான், ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு அதற்கு நஞ்சு.

செம்பும் துத்தநாகமும் சேர்ந்து வந்தால் பித்தளை. கூடவே நிக்கலும் வந்தால் முலாம் பூசின பித்தளை. ஏதோ ஒரு பளபளப்பான சாமான் உங்கள் தண்ணீரைத் தொடுகிறது. சித்திரைக்கு முன்பு வீட்டில் என்ன மாற்றினீர்கள்?

இன்னொன்று. குப்பிகள் என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று ஆர்ஓ தண்ணீருக்கா? அப்படியானால் ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் இருக்குமே.

கல்கிசைக் கரை

எதற்கு இவ்வளவு பாடு? நான் கடற்தண்ணீர்தான் எடுக்கிறேன், சும்மா கிடைக்கிறது. ட்ரேஸ் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் கிழவன்

இருக்கும், வெள்ளவத்தை வாய்க்காலும் தெகிவளை வாய்க்காலும் கொண்டுவந்து கொட்டுவதும் சேர்ந்து இருக்கும். நானும் ஒரு காலம் படகில் வெளியே போய் எடுத்தவன்தான். 2021 மே மாதம் நைத்திரிக் அமிலம் ஏற்றி வந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரைக்கு வந்ததோடு விட்டுவிட்டேன். இப்போது தென்மேல் பருவம் வேறு, மழைக்கு உப்பும் ஏறி இறங்கும். உங்கள் தொட்டி, உங்கள் விருப்பம்.

மூன்றாம்மாடிக் கடல்

இரண்டாம் பக்கம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, நான் அதைத் திறக்கவே இல்லை. ஆர்ஓ தண்ணீரில் செம்பு 40, துத்தநாகம் 52.

ஆர்ஓ தண்ணீரை 60 லீட்டர் நீலப் பரலில் சேர்த்து வைக்கிறேன். பரலின் அடியில் தண்ணீர் திறக்கிற பிளாஸ்டிக் பைப் ஒழுகியது. வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை, குளியலறை வேலைக்கு வந்த ப்ளம்பர் அதையும் மாற்றித் தந்தார். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பைப். “இது உங்கட பேரப்பிள்ளைக்கும் காணும் சேர்” என்றார். காசும் வாங்கவில்லை, பாவம். நேற்று போயா லீவு, கழற்றிப் பார்த்தேன். உள்ளே முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது, வாஷரைச் சுற்றிப் பச்சையாகப் பாசி பிடித்தது போல ஒரு வளையம்.

அந்தத் தண்ணீரை டிடிஎஸ் மீற்றரில் (கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுவது) பார்த்தேன், 1 என்று காட்டியது! இதை நம்பித்தான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

பிறகு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஏப்ரல் வெக்கைக்கு ஃபான் போட்டதால் நாளுக்கு 3 லீட்டர் ஆவியாகிறது, அந்தக் குறைவுக்கு ஊற்றுவதும் இந்தப் பரல் தண்ணீர்தான். குப்பியில் தண்ணீர் எடுத்த நாள்வரை 70 நாள், 210 லீட்டர். லீட்டருக்கு 40 வீதம் 8400 மைக்ரோகிராம். 180ஆல் வகுத்தால் 46க்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் போகிறது, செம்பு தங்குகிறது. ரிப்போர்ட்டில் 36, மிச்சம் 10 எங்கே? இரண்டு கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன், ஆனால் உப்புக் கரைத்ததும் அதே பரல் தண்ணீரில்தான்.

ஆய்வுகூடக்காரி

டிடிஎஸ் மீற்றரைக் கோபிக்க வேண்டாம். அதன் மிகச் சின்னப் படியே லீட்டருக்கு 1 மில்லிகிராம், உங்கள் செம்பு 0.04. பைப் மாற்றின பிறகும் பரலை ஒருமுறை வடிவாகக் கழுவுங்கள்.

மிச்சம் 10 கல்லிலும் மணலிலும் ஒட்டியிருக்கும். தண்ணீரில் குறையக் குறைய அதில் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் ஒரே நாளில் எல்லாத் தண்ணீரையும் மாற்றிப் பிரயோசனமில்லை. ஆர்ஓவின் வெளிக்குழாயில் இருந்து நேரே வாளிக்குப் பிடித்து, உப்பை உண்மையான 35க்குக் கரைத்து, 45 லீட்டர் வீதம் மூன்று தடவை, நாலைந்து நாள் இடைவெளி விட்டு மாற்றுங்கள். கணக்குப்படி 36 என்பது 27, 20, 15 என்று இறங்கும். உப்பும் தானாக 34க்கு வந்துவிடும், கிழவன் ஐயாவின் பாயசமும் சரியாகும். செம்பு பிடிக்கிற ரெசின் கிடைத்தால் ஃபில்டரில் ஒரு பை போடுங்கள். கார்பனும் உதவும், ஆனால் குறைவு. அடுத்த ரிப்போர்ட் வரும்வரை இறால் வாங்க வேண்டாம்.

மூன்றாம்மாடிக் கடல்

ஆமர் வீதியில் பிளாஸ்டிக் பைப் வாங்கியாயிற்று. கடைக்காரர், பித்தளைதான் நல்லது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவை தண்ணீர் மாற்றிவிட்டேன். ரிஃப்ராக்டோமீட்டர் 35க்குரிய திரவத்தில் 37 காட்டியது, அதையும் திருகிவிட்டேன். ஸீனியா இன்னும் அசையவில்லை. மிஞ்சின நத்தை இரண்டில் ஒன்று நேற்று இரவு கண்ணாடியில் பாதித் தூரம் ஏறியிருந்தது. கொப்பியில் எழுதிவிட்டேன்.

அடுத்த குப்பியை அனுப்ப ஓகஸ்டில் யாராவது ஜெர்மனி போகிறீர்களா?