ஸ்போர் பிரிண்ட்: ‘வித்து அச்சு’ வேண்டாம், ‘வித்திப்படிவு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

காட்டுக் காளான் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ‘ஸ்போர் பிரிண்ட்’ மட்டும் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. காளான் இனம் பெருக்க உதிர்க்கும் நுண்ணிய தூள்தான் ஸ்போர். அது தாளில் விழுந்து உண்டாக்கும் தடம் ஸ்போர் பிரிண்ட். அதன் நிறம் காளானை இனங்காண உதவும். ‘வித்து அச்சு’, ‘சிதல் அச்சு’, ‘விதைத் தடம்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அச்சு. அச்சு என்றாலே எதையோ அழுத்திப் பதிப்பது என்றுதான் படிப்பவர் மனதில் தோன்றும். சில மாதங்களுக்கு முன் நானே ஒரு செய்முறைக் குறிப்பில் ‘வித்து அச்சு எடுக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த நண்பர் காளான் குடையைத் தாளில் வைத்து, ரப்பர் ஸ்டாம்பு குத்துவது போல உள்ளங்கையால் அழுத்திவிட்டார். குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்கள் நசுங்கி ஈரக்கறைதான் மிஞ்சியது. பிழை அவருடையது இல்லை. நான் கொடுத்த சொல் அப்படிச் செய்யச் சொன்னது.

உண்மையில் யாரும் எதையும் அழுத்துவதில்லை. காம்பை ஒட்ட நறுக்கிவிட்டு, செவுள்கள் கீழே பார்க்கும்படி குடையைத் தாளில் வைக்கிறோம். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுகிறோம். இரவு முழுவதும் ஸ்போர் தூள் தானாக உதிர்கிறது. காலையில் குடையை மெல்லத் தூக்கினால், சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நடுவிலிருந்து வரிவரியாக விரிந்து கிடக்கும். விரல் பட்டால் கலைந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. செவுளுக்குப் பதில் துளைகள் உள்ள காளான் என்றால் வரிகள் இருக்காது, புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும். (வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் தெரியாது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், அல்லது கண்ணாடித் துண்டில் வையுங்கள்.) வண்டல் படிவது போலத்தான் இதுவும். ஆகவே ‘படிவு’.

அடுத்து முன்பாதி. ‘விதை’ சரிவராது, ஸ்போருக்குள் கருவும் இல்லை, வித்திலையும் இல்லை. ‘வித்து’ நல்ல சொல்தான், ஆனால் ‘இருவித்திலைத் தாவரம்’ என்கிறபோது அது விதையையே குறிக்கிறது. ஒரே கையேட்டில் கீரைக்கு ஒரு பொருளிலும் காளானுக்கு வேறு பொருளிலும் வந்தால் குழப்பம். ‘சிதல்’ எனக்குப் பிடித்த சொல். பழந்தமிழில் அது கறையானுக்கும் பெயர். கறையான் புற்றிலிருந்து முளைக்கும் காளானைப் பற்றி எழுதும்போது ‘சிதல் அச்சு இளஞ்சிவப்பு’ என்றால் எந்தச் சிதல்? இலங்கைப் பாடநூல்களில் ஸ்போருக்கு ‘வித்தி’ இருக்கிறது. வித்தித்தாவரம் (ஸ்போரோபைட்), புணரித்தாவரம் (கேமீட்டோபைட்) என்று அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். விதையோடு உறவும் தெரிகிறது, விதையிலிருந்து வேறுபாடும் தெரிகிறது. அதையே எடுத்துக்கொள்வோம்: வித்திப்படிவு.

சொல் நிற்குமா என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘வைக்கோல் காளானின் வித்திப்படிவு இளஞ்சிவப்பு, அமனிட்டா பல்லாய்டிஸின் வித்திப்படிவு வெள்ளை.’ தடங்கல் இல்லாமல் போகிறது. இந்த வாக்கியம் கையேட்டில் கட்டாயம் வேண்டும். முதலாவது உண்ணும் காளான், இரண்டாவது கொல்லும் நச்சுக் காளான். இளம் பருவத்தில் இரண்டும் உறைக்குள் முட்டை போலவே இருக்கும், பழகிய கண்ணும் ஏமாறும். இரண்டாவதன் நஞ்சு கல்லீரலை அழிப்பது. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்துதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். மூடிய மொட்டு படிவும் தராது. அதனால் மொட்டாகப் பறித்ததைச் சமைக்கவே வேண்டாம் என்றுதான் எழுத வேண்டும்.

செவுளின் நிறத்தையும் வித்திப்படிவின் நிறத்தையும் ஒன்றாக எண்ணுபவர்கள் நிறையப் பேர். குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளானின் செவுள் இளசில் வெள்ளையாக இருக்கும், ஆனால் படிவு பச்சை. ‘செவுள்நிறம்’, ‘படிவுநிறம்’ என்று இரண்டு தனிச்சொற்களாகப் பட்டியலில் சேர்த்துவிடலாம். கூடவே ஒரு வரி: படிவு ஒரு காளானை விலக்க உதவும், உண்ணத்தக்கது என்று சான்று தராது. வெள்ளைப் படிவு தருபவற்றில் நல்ல உணவும் உண்டு, கொல்லும் நஞ்சும் உண்டு.

அப்புறம் வினைச்சொல். ‘வித்திப்படிவு எடு’ என்றால் மறுபடியும் கை போய் அழுத்தும் என்று பயமாக இருக்கிறது. ‘வித்தி படிய வை’ என்றே செய்முறையில் எழுதலாமா? எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது: ‘குடையைக் கவிழ்த்து, மூடி, இரவு முழுவதும் வித்தி படிய வைக்கவும்.’ மாற்றுக் கருத்து இருந்தால் ஒரு வாக்கியத்தில் போட்டுக் காட்டி எழுதுங்கள்.