ஜாக்கி சிரிக்காத படம்: 'க்ரைம் ஸ்டோரி' பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

விசிடி ராசா:
விடுதி அறை, வாடகை விசிடி. 1993 ஜாக்கி சான் படம் என்றதும் ஏணியும் நாற்காலியும் பறக்கும் என்று எட்டுப் பேர் கூடிவிட்டோம். மனுசன் சிரிக்கவே இல்லை. துப்பாக்கிச் சண்டையில் ஆட்களைச் சுட்ட அதிர்ச்சியில் கிடக்கிற போலீஸ்காரர் வேடம். அரை மணி நேரத்தில் ஆறு பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் மாட்டிக்கொண்டது கென்ட் செங்கிடம். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா'வில் கசாப்புக்காரராக வந்து சிரிக்க வைத்த அதே குண்டு மனிதர். இதில் அவரும் போலீஸ், ஒரு கோடீஸ்வரரைக் கடத்தும் திட்டத்திலும் கூட்டு. ஜாக்கியோடு சேர்ந்து விசாரணைக்கும் போகிறார்! நமக்குத் தெரியும், ஜாக்கிக்குத் தெரியாது. அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கடைசி பெஞ்ச்:
அண்ணே, எழுந்து போன ஆறு பேர் பக்கம்தான் நியாயம். முதலில் ஜெட் லீக்குப் பேசிய கதை இது. ஜாக்கிக்கு அழுமூஞ்சி எதற்கு?

விசிடி ராசா:
அந்த அழுமூஞ்சிக்குத்தான் தைவானின் கோல்டன் ஹார்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது.

கவ்லூன் பயணி:
நான் படத்தை மூன்று முறை பார்த்தது கிளைமாக்சுக்காக. அதை எடுத்தது ஹாங்காங்கின் கவ்லூன் சுவர் நகரத்தில், அந்த நெருக்கமான குடியிருப்பை அப்போது நிஜமாகவே இடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டரை ஹெக்டேர் சொச்சத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த இடம். இப்போது பூங்கா. வேலை விஷயமாக ஹாங்காங் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். பழைய நகரத்தை வெண்கலத்தில் சின்னதாக வார்த்து வைத்திருக்கிறார்கள். ஜாக்கி எந்தக் கட்டடத்தில் ஓடினார் என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். ஒரு மாடியின் மேல் விரலை வைத்து, "ஹோம்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு ஆங்கிலம். எனக்குக் கான்டனீஸ் சுத்தமாக வராது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கூட ஒரு நிமிடமாவது நின்றிருக்கலாம்.

சப்டைட்டில் சாமி:
நானும் டிவியில் பாதிதான் பார்த்தேன், கரண்ட் போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். டப்பிங்கில் பார்க்காதீர்கள். கான்டனீஸ் ஒலியில் பாருங்கள், கென்ட் செங் குரலே பாதி நடிப்பு. சண்டையை எதிர்பார்த்து உட்காராதீர்கள், இயக்குநர் கிர்க் வாங்குக்கு அது முக்கியமில்லை. பார்த்து முடித்த பிறகு டெடி வாங் கடத்தலைப் படியுங்கள், அதை வைத்துத்தான் கதை. 1990இல் கடத்தப்பட்ட கோடீஸ்வரர், திரும்பவே இல்லை. 1999இல் சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள். முதலில் படித்துவிட்டால் படம் பார்க்க மனசு வராது. ராத்திரியில் தனியாகவும் வேண்டாம்.

கடைசி பெஞ்ச்:
பாதி படம் பார்த்தவருக்கு இவ்வளவு அறிவுரையா சாமி?

விசிடி ராசா:
பயணி, அந்தப் பெரியவர் காட்டியது எத்தனையாவது மாடி?