விலாக்கறி வெந்துச்சு, ஆனா மெத்துன்னு ஆகல. உங்க அனுபவம் சொல்லுங்க

திண்டுக்கல்_பெங்களூர்

கிறிஸ்துமஸ் அன்னிக்கு நடந்தது. பத்து நாளாச்சு, இன்னும் மனசு ஆறல.

அப்பா ஊர்ல இருந்து வந்திருந்தார். 71 வயசு, மேல்வரிசை முழுக்கக் கட்டின பல்லு. பன்றிக்கறின்னா அவருக்கு உயிர். அம்மா போனப்புறம் வீட்ல யாரும் செய்யறதில்ல. ஒன்றரைக் கிலோ விலாவை வெட்டாம முழுப் பலகையா வாங்கினேன். மிளகு, பூண்டு, மல்லி, கொஞ்சம் வெல்லம் தடவி ராத்திரி பூரா ஃபிரிட்ஜ்ல வச்சு, மறுநாள் ஓவன்ல 200 டிகிரி, 50 நிமிஷம். தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன், 76 காட்டுச்சு. நல்ல நிறம், வாசம் தெரு வரைக்கும்.

அப்பா ஒரு துண்டை வாயில வச்சார். ரொம்ப நேரம் மென்னார். அப்புறம் ஜன்னல் பக்கமாத் திரும்பி அதை உள்ளங்கையில எடுத்து, தட்டு ஓரத்துல கறிவேப்பிலைக்கு அடியில வச்சார், நான் பார்த்துடக் கூடாதுன்னு. "காரம் சரியா இருக்குப்பா"ன்னார். ரசம் ஊத்திச் சாப்பிட்டு எழுந்துட்டார்.

76 டிகிரின்னா வெந்தாச்சுதானே? எங்க தப்பு பண்ணினேன்?

ஹூஸ்டன்வாசி

வெந்தாச்சு தம்பி, அதுல சந்தேகமே இல்ல. இங்க அமெரிக்க வேளாண் துறை பன்றித் துண்டுகளுக்குச் சொல்றதே 63 டிகிரிதான், எடுத்து 3 நிமிஷம் ஆறவிடணும். ஆனா விலாவுக்கு அந்தக் கணக்கு போதாது. சதைக்கு நடுவுல ஓடுற சவ்வும் நரம்பும் உருகினாத்தான் மெத்துன்னு வரும். அது 70க்கு மேல மெதுவாத்தான் இளகும். உள்சூடு 90, 95னு ஏறி நிக்கிற வரைக்கும் விடணும். நீங்க 76ல எடுத்துட்டீங்க. அது விலாவுக்கு ரொம்பக் கெட்ட இடம்: சதை இறுகியாச்சு, சவ்வு இன்னும் இளகல.

என் கதை இதுக்கு நேர் எதிர். இங்க 3-2-1னு ஒரு முறை எல்லார் வாயிலயும் இருக்கும். 107 டிகிரியில மூணு மணி நேரம் புகை, ரெண்டு மணி நேரம் ஃபாயில்ல சுத்தி, கடைசி ஒரு மணி நேரம் பிரிச்சு சாஸ் தடவி. நானும் அப்படியே செஞ்சேன். வீட்ல பன்னெண்டு பேர் விருந்து. பலகையை இடுக்கியால தூக்கினேன். இடுக்கியில வெள்ளை வெளேர்னு எலும்பு மட்டும் வந்துச்சு. கறி அத்தனையும் கம்பி வழியாக் கரியில விழுந்து 'ஸ்ஸ்'னு சத்தம். அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொன்னார். அந்தக் கணக்கு வயித்துப் பக்கத்து ஸ்பேர் ரிப்ஸுக்கு. நான் வாங்கினது முதுகுப் பக்கத்து பேபி பேக். அது சின்னது, கொழுப்பும் கம்மி, அதுக்கு 2-2-1 போதும். அவர் தன்னோட பலகையை ஒரு முனையில பிடிச்சுத் தூக்கிக் காட்டினார். வில்லு மாதிரி வளைஞ்சு, மேல லேசா ஒரு வெடிப்பு விட்டுச்சு. "இப்ப எடு"ன்னார். அதுக்கப்புறம் நான் கடிகாரத்தைப் பார்க்கிறதில்ல, வளையுதான்னுதான் பார்க்கிறேன்.

மதுரை_மெஸ்

இவ்ளோ கணக்கு எதுக்கு? பச்சைப் பப்பாளியைத் தோலோட அரைச்சு ராத்திரி தடவி வச்சா முடிஞ்சது. எங்க தாத்தா காலத்துல இருந்து இதான்.

ரெண்டாம்_அடுப்பு

மதுரை அண்ணே, கோவிச்சுக்காதீங்க, உங்க யோசனையை யாரும் விலாவுல செஞ்சு பார்க்க வேணாம். நான் செஞ்சேன். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு நாலு கிலோ, பப்பாளி விழுது ராத்திரி முழுக்க. காலையில ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தேன். மேல கறி விரல்ல கோதுமை மாவு மாதிரி வழிச்சுக்கிட்டு வந்துச்சு. வேக வச்சப்புறம் வெளிய கூழ், எலும்புகிட்ட ரப்பர்.

பப்பாளிப் பால் மேலாக்கத்தான் வேலை செய்யும், உள்ள இறங்காது. கொத்துக்கறிக்கும் மெல்லிசா நறுக்கின துண்டுக்கும் சரி, அதுவும் அரை மணி, ஒரு மணி நேரம். எலும்போட தடிமனா இருக்கிற கறிக்கு வேணாம். தாத்தா ஆட்டுக்கறிக்குப் போட்டிருப்பார்.

மதுரை_மெஸ்

தாத்தா எதுக்குப் போட்டார்னு எனக்குத் தெரியாதா? பன்றிக்குத்தான் போட்டார். நீங்க அளவு தப்பாப் போட்டிருப்பீங்க.

நாஞ்சில்_அக்கா

தம்பி, அப்பா தட்டு ஓரத்துல வச்சதை வாசிச்சதும் எனக்கு எங்க மாமியார் ஞாபகம் வந்துட்டு. கல்யாணம் ஆன வருஷம், ஈஸ்டர். நான் குக்கரை எடுத்தேன். ஒரு வார்த்தை பேசாம கையில இருந்து வாங்கி உள்ள கொண்டு வச்சிட்டாவ.

உருளியில கறி, சின்ன உள்ளி, இஞ்சி, பூண்டு, நல்லமிளகு, மஞ்சள், உப்பு, தேங்காய்க் கொத்து. ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. கறி விடுற தண்ணியிலயே கெடந்து வேகணும். குழிஞ்ச மூடி போட்டு அது மேல தண்ணி ஊத்தி வைப்பாவ. அந்தத் தண்ணி சுட்டதும் மாத்தி மாத்தி ஊத்தணும், அதுதான் எனக்குக் குடுத்த வேலை. ஒண்ணே முக்கால் மணி நேரம் அடுப்படியிலயே இருந்தேன்.

பிறகு மூடியைத் தூக்கி, அகப்பைக் காம்பால ஒரு எலும்பைத் தட்டினாவ. எலும்பு கறிக்குள்ளயே மெதுவாத் திரும்பிச்சு. "திரும்பினா கிழங்கு போடு, கழண்டு வந்தா நேரம் தப்பிட்டு"ன்னாவ. சிறுகிழங்கு அதுக்கு மேல இருபது நிமிஷம் வேகும், அதுக்குள்ள கறியும் பதத்துக்கு வந்திரும். ஹூஸ்டன் தம்பி வளைச்சுப் பாக்கதும் எங்க மாமியார் தட்டிப் பாக்கதும் ஒண்ணுதான். மாமியார் இப்ப இல்ல. அந்த அகப்பை என்கிட்டதான் இருக்கு.

தனிச்சமையல்

குக்கரை இவ்ளோ ஒதுக்க வேணாம் அக்கா. சென்னையில தனியா இருக்கிறவனுக்கு ரெண்டு மணி நேரம் கேஸ் எரிக்க முடியாது. குக்கருக்குள்ள சூடு 120 பக்கம் போகும், சவ்வு சீக்கிரம் இளகிடும். நான் கெடுத்தது வேற இடத்துல. நைட் ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு வெயிட்டைத் தூக்கி ஆவியை ஒரேயடியா விட்டேன். உள்ள கறி தளதளன்னு கொதிச்சு, திறந்தப்போ நார் நாரா வறண்டு கிடந்துச்சு. கண்ணு கலங்கிடுச்சு, சம்பள நாள்ல வாங்கின கறி.

இப்ப ஒரு விசில் வந்ததும் சிம்ல 25 நிமிஷம், அடங்கற வரைக்கும் தொடறதில்ல. அப்புறம் அந்தத் தண்ணியைக் கடாயில சுண்டவச்சு, கறியை அதுல பிரட்டி எடுத்தா போதும். தண்ணியைக் கொட்டினா ருசியும் போச்சு.

பொறுப்பான_அப்பா

நானும் ஒரு தடவை ரப்பர் மாதிரி செஞ்சு, பசங்க சாப்பிடாம எழுந்துட்டாங்க. இங்க யாரும் அடிப்படையைச் சொல்லலையேன்னு எழுதறேன்.

முதல்ல, பலகையோட எலும்புப் பக்கம் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு இருக்கும். சூட்டுல இளகும்னு மேல சொன்ன சதைக்குள்ள சவ்வு வேற, இது வேற. ஓரத்துல கத்தி முனையால நெம்பி, டிஷ்யூ பேப்பரால பிடிச்சு இழுத்தா ஒரே உரியா வரும். அது எவ்ளோ நேரம் வச்சாலும் கரையாது, மசாலாவையும் உள்ள விடாது. ஃபிரீசர்ல இருந்து எடுத்த கறியை முந்தின நாளே ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க, சமையல் மேடையில வச்சு இளக விடாதீங்க. உப்பை முந்தின ராத்திரியே போடுங்க. வெல்லம், தேன் எல்லாம் கடைசியில, இல்லன்னா கருகும். கறி வெட்டின பலகையில வெங்காயம் நறுக்காதீங்க. சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சுடுங்க, ஃபாயில்ல சுத்தித் துணி போட்டு வச்சா சூடு நிக்கும். முக்கியமா, அரைவேக்காட்டுல சாப்பிட்டா புழு மூளைக்குப் போயிடும், அதனால குழந்தைங்களுக்குக் குடுக்கவே வேணாம். மெலிஞ்ச கறியா வாங்குங்க. கடைக்காரர்கிட்ட எங்க வளர்த்ததுன்னு கேளுங்க.

பனிக்கால_அடுப்பு

அண்ணை, சவ்வு பற்றிச் சொன்னது சரி. புழு பற்றிச் சொன்னது பிழை, நான் ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன், அதனால சொல்லாமல் இருக்கேலாது. புழுக் கட்டி உள்ள இறைச்சியை அரைவேக்காட்டில திண்டா குடலுக்குள்ள நாடாப்புழு வரும். மூளைக்குப் போறது அந்தப் புழுவின்ர முட்டை. அது புழு உள்ள ஆளின்ர மலத்தில இருந்து கழுவாத கை, மரக்கறி, தண்ணி வழியா வாய்க்குள்ள போறது. பன்றி தொடாதவைக்கும் வரும். 90 டிகிரியில நிண்ட விலாவைப் பிள்ளையளுக்குப் பயப்படாமல் குடுங்கோ.

நான் டொரொண்டோவில இருக்கிறன். அம்மா வன்னியில இருந்து வந்த முதல் மாரி, வெளியில பனி. புகை போட வழியில்லை. ஓவனை 135இல வைச்சு, தட்டில கொஞ்சத் தண்ணி விட்டு ஃபாயிலால இறுக்கி மூடி இரண்டரை மணித்தியாலம். பிறகு திறந்து, கொறுக்காய்ப்புளியும் வறுத்த தூளும் குழைச்சுப் பூசி, 220இல பத்து நிமிசம். அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. மூண்டு எலும்பை வரிசையா அடுக்கி வைச்சிட்டு நாலாவதுக்குக் கை நீட்டினா. அண்டைக்குத்தான் அவ இஞ்ச வந்து முதல் முதல் வயிறாரச் சாப்பிட்டவ.

தம்பி, உங்கட அப்பாக்கு இதைச் செய்து பாருங்கோ.

கிள்ளான்_பையன்

தண்ணியில போட்டா ருசி போயிடும்னு யாராவது சொல்ல வர்றதுக்கு முன்னாடி எங்க ஊரைச் சொல்லிடறேன். பா குட் தே. பேர்ல தேநீர் இருக்கும், உள்ள தேயிலை இருக்காது. கறி, எலும்பு, மூலிகைச் சாறு. 2024ல மலேசியாவோட பாரம்பரிய உணவுப் பட்டியல்ல சேர்த்தாங்க. கிள்ளான்ல காலைப் பசிக்கே சாப்பிடுவோம்.

பள்ளி விடுமுறையில ஒரு சீன அங்கிள் கடையில எடுபிடி வேலை பார்த்தேன். விலாவை ஒரு கொதி விட்டு அந்த அழுக்குத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில மூலிகைப் பொட்டலம், தோல் உரிக்காத முழுப் பூண்டு. ஒரு நாள் சீக்கிரம் ஆகட்டும்னு தீயைக் கூட்டினேன். அங்கிள் ஓடி வந்து குறைச்சார். சட்டி ஓரத்துல ஒரே ஒரு குமிழி வந்து உடைஞ்சுது, அடுத்தது வர வரைக்கும் என்னை அங்கயே நிக்க வச்சார். அந்தக் குமிழி எவ்ளோ மெதுவா வந்துச்சுன்னு இப்பவும் கண்ல நிக்குது. நாஞ்சில் அக்கா சொன்ன தண்ணியில்லாத கறியும் இதுவும் வேற வேற, ஆனா ரெண்டுலயும் தீ ஒண்ணுதான்.

திண்டுக்கல்_பெங்களூர்

எல்லாருக்கும் நன்றி. நேத்து டொரொண்டோ அக்கா சொன்ன மாதிரி ஓவன்ல செஞ்சேன். சவ்வை உரிச்சேன், ஒரே உரியா வந்துச்சு. ரெண்டு மணி நாப்பது நிமிஷம், உள்சூடு 93. பல்குச்சி வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குச்சு. நானும் மனைவியும் மட்டும்தான் சாப்பிட்டோம். அப்பா ஊருக்குப் போயிட்டார். பொங்கலுக்கு நான் அங்க போறேன், அங்க ஓவன் கிடையாது, அம்மாவோட உருளி பரண்ல இருக்கு. நாஞ்சில் அக்கா, சிறுகிழங்கு அப்ப கிடைக்குமா? கிழங்கு இல்லாம செஞ்சா பதம் மாறுமா?

நாஞ்சில்_அக்கா

பொங்கலுக்கு எல்லாச் சந்தையிலயும் வரும் தம்பி. சின்னதாப் பாத்து வாங்கு. தோலைக் கத்தியால சீவாண்டாம், ஊறவச்சு, சாக்குல கட்டித் தரையில அடிச்சு உருட்டு, தோல் தானாக் கழண்டுரும். உருளியை முந்தின நாளே புளி போட்டுத் தேச்சு வை. வயித்துப் பக்கத்துக் கறி கேட்டு வாங்கு, கொழுப்பு வேணும். முதல்ல குழம்புல ஊறின கிழங்கு மட்டும் ரெண்டு எடுத்து அப்பா தட்டுல வை. பிறகு கறியை வை.

கண்டிப்பா வந்து எழுது.