1200 மீட்டர் ஏற்றம், ஒரே நாளில் உச்சிக்குப் போய்த் திரும்ப எப்படித் திட்டமிடுவது?

நெடுவழி:
போக 8 கி.மீ., அதே பாதையில் திரும்ப 8 கி.மீ. மொத்த ஏற்றம் 1200 மீட்டர். அதில் கடைசி 1.5 கி.மீ.யில் மட்டும் 400 மீட்டர் ஏறவேண்டும், பாறையும் சரளையுமாக இருக்கும். உச்சியில் நின்றால் நாலு திசையும் தெரியும் என்பதற்காகத்தான் போகிறோம். நாலு பேர். சமவெளியில் 15 கி.மீ. நடந்து பழக்கம் உண்டு, மலை புதிது. எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும்? தண்ணீர் எவ்வளவு? இறக்கத்தில் முழங்கால் தாங்குமா?

குன்றேறி:
16 கி.மீ. உங்களுக்குப் பெரிதில்லை, 1200 மீட்டர்தான் பெரிது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் உச்சிவரை 3 மணி 36 நிமிடம் வருகிறது. அது ஓய்வே சேராத, பழகிய கால்களின் வேகம். புதியவர்கள் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்: ஏறத்தாழ ஐந்தரை மணி. இறங்க மூன்றரை, ஓய்வுக்கு ஒன்று, ஆக 10 மணி நேரம்.

காலை 5.30க்கு நடக்கத் தொடங்கினால் 11.30 வாக்கில் உச்சி. 12.30 ஆனால் எங்கே இருந்தாலும் திரும்பவேண்டும், இதை வீட்டிலேயே நாலு பேரும் ஒப்புக்கொண்டு கிளம்புங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் திரும்ப மனம் வராது. அந்தக் கடைசி 1.5 கி.மீ.க்கு மட்டுமே ஒன்றரை மணி ஆகும். அதனால் 11 மணிக்குள் அதன் அடிவாரத்தைத் தொடவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சரளையில் இருட்டில் இறங்குவதுதான் இந்தப் பாதையின் உண்மையான ஆபத்து. ஆளுக்கொரு ஹெட்லாம்ப் கட்டாயம். கையில் டார்ச் பிடித்தால் பாறையைப் பிடிக்கக் கை இருக்காது.

சரளைக்கால்:
முழங்கால் பற்றி. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. சமவெளி நடை அதற்குப் பழக்கம் தராது. மூன்று வாரம் முன்பிருந்தே பையோடு மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதே முக்கியம்.

ட்ரெக்கிங் ஸ்டிக் சமதரையில் முழங்கை 90 டிகிரியில் மடங்கும் அளவு இருக்கட்டும். இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. நீட்டுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலை விறைக்காதீர்கள். சரளையில் பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும், ஏனென்றால் எடை முழுதும் குதிகாலுக்குப் போய்விடுகிறது. உடல் பாதத்துக்கு நேர் மேலே இருக்கவேண்டும்.

கிளம்பும் முன் நகம் வெட்டுங்கள். இறங்கத் தொடங்கும் முன் ஷூ லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல் நுனி ஷூவில் இடித்து நகம் கறுத்துவிடும். பாதத்தில் எங்காவது சூடாக எரிந்தால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டவேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பாதிப் பயன்தான்.

மேகமூட்டம்:
தண்ணீர், நடக்கும் மணிக்கு அரை லிட்டர் என்பது நல்ல தொடக்கக் கணக்கு. ஆளுக்கு நாலரை லிட்டராவது வேண்டும், வெயில் கடுமையென்றால் இன்னும் கூட. உச்சியில் மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சவேண்டும். வெறும் தண்ணீரையே தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் குடித்தால் மோசமாகும். உப்புள்ள தின்பண்டம் எதையாவது அடிக்கடி கொறியுங்கள்.

1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உச்சி அடிவாரத்தைவிட 8 டிகிரி குளிர், காற்று வேறு. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் நடுங்குவீர்கள். காய்ந்த சட்டை ஒன்றும் காற்றுத் தடுக்கும் மேலங்கி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

காட்சிக்காகப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லவேண்டும். சுற்றியுள்ள நிலத்தைவிட உச்சி 1200 மீட்டர் உயரம் என்றால் அடிவானம் சுமார் 124 கி.மீ. தள்ளியிருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தூசி அடங்கி, அதில் நிறையவே தெரியும். நேரம் ஏற ஏற மேகமும் திரளும். இடிச்சத்தம் கேட்டால் உச்சியையும் முகட்டையும் விட்டு உடனே இறங்குங்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே திரும்பக்கூடாது.

நெடுவழி:
மிக்க நன்றி. எங்களில் ஒருவர் மட்டும் வேகமானவர். அவர் முன்னால் போய் உச்சியில் காத்திருக்கலாமா?

குன்றேறி:
வேண்டாம். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், வேகமானவர் கடைசியில் வரட்டும், பொதுச்சுமையில் கூடுதல் பங்கையும் அவரே தூக்கட்டும். முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் குழுவின் வேகம். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவையுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் நிற்கும். ஆளுக்கொரு விசில் கழுத்தில் மாட்டியிருக்கட்டும். உதவி வேண்டுமானால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதவேண்டும். பதில் வந்தாலும், ஆள் வந்து சேரும்வரை ஊதுவதை விடக்கூடாது.