ஏழைக் கிராமத்துக்குச் சோலாரா, மின்வாரியக் கம்பியா?

கரிசல்காரன்:
ஊருக்கு ஊர் சோலார் என்று முழங்குகிறவர்கள் பீகாரின் தர்னாய் கிராமத்துக்குப் பதில் சொல்லட்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருட்டில் கிடந்த ஊர். 2014-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. விழாவுக்கு வந்த பீகார் தலைவர் நிதிஷ் குமாரிடம் ஊர்க்காரர்கள் கேட்டது ‘அசல் மின்சாரம்’, அதாவது கம்பியில் வரும் மின்சாரம். விளக்கு எரியலாம், ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது என்றால் அது என்ன மின்சாரம்? சில ஆண்டுகளில் பேட்டரிகள் செத்தன. நிலையத்தில் மாடு கட்டிவிட்டார்கள்.

மலையடிவாரம்:
பாதிக் கதையைச் சொல்கிறீர்கள் அண்ணாச்சி. அத்தனை ஆண்டுகள் வராத கம்பி, சோலார் வந்து ஊர் பெயர் பத்திரிகையில் அடிபட்ட பிறகுதானே ஓடி வந்தது? பேட்டரி தானாகவும் சாவதில்லை. மலைக் குடியிருப்புகளில் பழுது பார்க்கிறவன் நான். மூடியைத் திறந்து அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கடைக்குக் கீழே இறங்கி வர வேண்டுமே என்று ஓடைத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். உள்ளே ஈயத் தகடு கெட்டுவிடுகிறது. கூரையில் பேனல் பளபளக்கும், பேட்டரி காயலான் கடைக்குப் போயிருக்கும். மாட்டிவிட்டுப் போனவர்கள் இதைச் சொல்லிக் கொடுத்தார்களா?

கரிசல்காரன்:
நான் சொல்வதும் அதுதானே! நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பேட்டரி வாங்கக் கூலிக்காரன் எங்கே போவான்? நம் தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை வைத்திருப்பவனிடம் சோலார் எப்படி விலைபோகும்? ஏழைகளுக்கு அரசு வீடு கட்டித்தர 2011-இல் வந்த பசுமை வீடு திட்டத்திலும் வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்கு கொடுத்தார்கள். நகரத்தான் ஏசி போடுவான், பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் குடிசைக்காரன் தலையில்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஓடந்துறையை விட்டுவிட்டீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஊராட்சி. 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. காற்றாலை அந்த ஊரில்கூட இல்லை, காற்று வீசும் உடுமலை பக்கம் நிற்கிறது. பேட்டரியே கிடையாது. மின்சாரம் வாரியக் கம்பியில் போகிறது. ஊர்த் தேவைக்குக் கழித்தது போக மிச்சத்துக்குக் காசு வருகிறது. கம்பியும் காற்றும் எதிரிகள் அல்ல.

கரிசல்காரன்:
வரிவசூல் உள்ள ஊராட்சி, துணிந்த தலைவர், வாசல்வரை வந்த கம்பி. மூன்றும் இருந்ததால் நடந்தது. ஓடந்துறைக்குக் கடன் கொடுத்த வங்கி தர்னாய்க்குக் கொடுக்குமா?

கணக்குப்பிள்ளை:
கொடுக்காது. அங்கேதான் அரசு ஜாமீன் நிற்க வேண்டும். இலவசமாகப் பேனல் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் செலவை அதற்குத் திருப்பலாம்.

மலையடிவாரம்:
வங்கி, வாரியம் எல்லாம் சமவெளிக் கதை. காப்புக்காட்டுக்குள் கம்பம் நட வனத்துறை அனுமதி வேண்டும். அது வரும்வரை பிள்ளைகள் மண்ணெண்ணெய்ப் புகையில் படிக்கட்டுமா?

கரிசல்காரன்:
காட்டுக்குள் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கம்பி போகக்கூடிய ஊருக்குச் சோலாரைக் காட்டிக் கம்பியைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். உங்கள் மலையில் மட்டும் பேட்டரிக்கு யார் பணம் போடுகிறார்கள்?

மலையடிவாரம்:
மகளிர் குழு. மாதாமாதம் வீட்டுக்கு வீடு வசூல், தனி நோட்டு, தனிக் கணக்கு. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள். மேலே வர மாலையில் ஒரே பஸ்தான், தவறவிட்டால் நடைதான்.